எட்டுப் பையன்களோடு தொடங்கிய என்ஜினீயரிங் படிப்பு எம்பிஏவில் போய் நின்றது எப்படி?

செங்கோட்டை_மணி (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 10:42

போன வாரம் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' நடத்திக்கொண்டிருந்தேன். நிர்வாகத்துக்கு ஃபயோல் வகுத்த பதினான்கு கொள்கைகளைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "சார், மேனேஜ்மென்ட்டுக்குத்தான் எம்பிஏன்னு தனியா ஒரு படிப்பு இருக்கே. அப்புறம் எதுக்கு எங்களுக்கு இந்த பேப்பர்?" யூனிட் ஒன்று, பதிமூணு மார்க் கேள்வி நிச்சயம், எழுதிக்கொள் என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு முழுக்க அந்தக் கேள்விதான் மண்டையில்.

கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். 1794-இல் பாரிஸில் புரட்சி அரசு ஒரு பள்ளியைத் திறக்கிறது. மறுவருடம் எகோல் பாலிடெக்னிக் என்று பெயர் மாறிய பள்ளி அது. நாட்டின் சிறந்த கணித மூளைகளை ஆசிரியர்களாக்கி, முதலில் கணிதம், இயற்பியல், வேதியியல், அதன் பிறகே பாலமும் பீரங்கியும் என்று பாடத்தை அடுக்கினார்கள். அதே 1794-இல் சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளி. மைக்கேல் டாப்பிங் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி சர்வேயர் சொல்லித் தொடங்கிய நில அளவைப் பள்ளி. எட்டு மாணவர்கள். கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் போதவில்லை, அவ்வளவுதான் காரணம். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான்.

ஒரே ஆண்டு, இரண்டு பள்ளி. ஒன்று கணிதத்தில் தொடங்கியது, இன்னொன்று நிலம் அளக்கும் சங்கிலியில். என்னுடைய கட்சி இது: பல்கலைக்கழகத்தில் இடம் பிடிப்பதற்காக என்ஜினீயரிங் தன் கைவேலையைச் செருப்பைப் போல வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போனது. மேனேஜ்மென்ட்டும் பின்னாலேயே வந்து அதையே செய்தது. நமக்கு இரண்டும் வந்து சேர்ந்தது செருப்பு வெளியே போன பிறகு. தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

---

ஓய்வு_ஓவர்சீயர் · திங்கள், இரவு 11:30

மணி சார், தூக்கம் வராத கிழவன் பேசுகிறேன். டிப்ளமா படித்துவிட்டு பொதுப்பணித்துறையில் 34 வருடம். என் பெயரில் இருக்கும் ஓவர்சீயர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்ப்பவன் என்றுதான் அர்த்தம். நம் ஊர் வழக்கில் கங்காணி. என்ஜினீயரிங் படிப்பு இந்த நாட்டில் தொடங்கியதே ஆளை வைத்து வேலை வாங்கத்தான். அப்புறம் மேனேஜ்மென்ட் எங்கிருந்தோ புதிதாக வந்தது என்று ஏன் சொல்கிறீர்கள்?

ரூர்க்கியைப் பாருங்கள். 1847. கங்கைக் கால்வாய் வெட்ட ஆள் வேண்டும் என்று அந்த மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் தாமஸன் தொடங்கியது. 1854-இல் அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்தார்கள். அங்கே முதலிலிருந்தே மூன்று அடுக்கு. மேலே என்ஜினீயர் வகுப்பு. நடுவில் ஓவர்சீயர் வேலைக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அடியில் உள்ளூர்ப் பையன்கள், கீழ்நிலை சர்வே, வரைபட வேலைக்கு. படிப்பிலேயே ஏணி. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்த ஏணி அப்படியே இருந்தது, படிகளின் பெயர்தான் வேறு.

கைவேலை வாசலோடு நின்றது என்கிறீர்கள். உங்கள் பட்டதாரிகளுக்கு நின்றிருக்கலாம். எங்களுக்கு நிற்கவில்லை. சங்கிலி பிடித்திருக்கிறீர்களா? 66 அடி, நூறு லிங்க். சதுரத்தில் ஆயிரம் லிங்க் ஒரு சென்ட், லட்சம் லிங்க் ஒரு ஏக்கர். இன்றைக்கு மனை வாங்குகிறவன் வாயில் வருகிற 'சென்ட்' அந்தச் சங்கிலியில் பிறந்த கணக்கு. சித்திரை வெயிலில் கம்பி சூடேறிக் கொஞ்சம் நீளும், அதற்கும் திருத்தம் போட வேண்டும். அப்புறம் ஃபீல்டு புக், அளந்ததை அங்கேயே குறித்துக்கொள்ளும் புத்தகம். அதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், கடைசிப் பக்கத்திலிருந்து, அதுவும் அடியிலிருந்து மேலாக எழுத வேண்டும். ஏன் தெரியுமா? நாம் முன்னே நடக்கிறோம், காகிதத்திலும் முன்னே போக வேண்டும். இடப்பக்கம் மரம் என்றால் புத்தகத்திலும் இடப்பக்கம். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பட்டதாரி இல்லை, ஒரு செயின்மேன், சங்கிலி பிடிக்கிற ஆள்.

---

ஐடி_அடிமை · செவ்வாய், காலை 8:05

பெரியவரே, ஃபீல்டு புக் விஷயம் சூப்பர். 😄 நான் 2012 பேட்ச், மெக்கானிக்கல், இப்போது பேங்கிங் சாஃப்ட்வேர். முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் கொடுத்தார்கள். இரண்டு எம்எஸ் (மென்எஃகு) தகடு, வைஸில் மாட்டி அரத்தால் ராவி வி-ஜாயின்ட் போட வேண்டும். மூன்று வாரம் ராவினேன். ஒளிக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அதை வாங்கி நாலு இழுப்பு இழுத்தார், வெளிச்சம் போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அண்ணனுக்கு என்ன சம்பளம் என்று பிற்பாடு தெரிந்தபோதுதான் இந்த நாட்டில் எதற்கு மதிப்பு என்று புரிந்தது. கல்லூரிப் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதுதான்.

மணி சார், எம்பிஏ எங்கிருந்து வந்தது என்று சொல்லவே இல்லையே?

---

கேஸ்_ஸ்டடி_அக்கா · செவ்வாய், பகல் 1:20

நான் மேனேஜ்மென்ட் சொல்லிக்கொடுப்பவள், அதனால் இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டு எனக்குத்தான். 🙂 சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஃபயோலிலேயே ஆரம்பிக்கலாம், மணி சார் கரும்பலகையில் அவரைத்தானே எழுதினார். அவர் பேராசிரியர் இல்லை, சுரங்க என்ஜினீயர். சாந்த் எத்தியேன் சுரங்கப் பள்ளியில் படித்தவர். 1888-இல் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் தலைமைக்கு வந்து அதைத் தூக்கி நிறுத்தியவர். 1916-இல் அவர் வெளியிட்ட எழுத்தில் அந்தக் கொள்கைகள் மட்டுமா இருக்கின்றன? பிரான்ஸின் என்ஜினீயரிங் பள்ளிகள் மேல்கணிதத்தைப் போட்டுத் திணிக்கின்றன, தொழில் நடத்த அது பயன்படுவதே அரிது, சாதாரண விகிதக் கணக்குப் போதும், ஆளை நடத்துவதைச் சொல்லிக்கொடுங்கள் என்று புலம்பியிருக்கிறார். அந்தப் புலம்பலை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் நாம் பாடத்தில் வைத்துக்கொண்டோம். பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து மார்க் போடலாம், புலம்பலுக்கு எப்படி மார்க் போடுவது?

அமெரிக்காவிலும் விதை போட்டவர்கள் என்ஜினீயர்கள்தான். 1886-இல் ஹென்றி டவுன் என்பவர் இயந்திரப் பொறியாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, கடை நடத்துவதும் நம் வேலைதான், அதற்கும் கட்டுரை படியுங்கள் என்றார். அந்தச் சங்கத்திலிருந்துதான் டெய்லர் வருகிறார், தொழிலாளியின் வேலையை நேரம் பார்த்து அளக்க, கையில் நிறுத்து கடிகாரத்தோடு. 1908-இல் ஹார்வர்டு எம்பிஏ தொடங்கிய அடுத்த ஆண்டிலிருந்து டெய்லர் அங்கே வந்து விரிவுரை நடத்தினார். வார்ட்டன் வணிகப் பள்ளி அதற்கு முன்பே, 1881-இல், ஒரு உலோகத் தொழிலதிபர் கொடுத்த ஒரு லட்சம் டாலரில் வந்துவிட்டது. எம்ஐடியில் 1914-இல் என்ஜினீயரிங் மாணவர்களுக்கே நிர்வாகப் பாடத்திட்டம் ஒன்று வைத்தார்கள், ஸ்லோன் மேலாண்மைப் பள்ளி முளைத்தது அதிலிருந்து.

ஆகவே 'என்ஜினீயரிங் ஒன்று, மேனேஜ்மென்ட் இன்னொன்று' என்ற பேச்சே பிற்பாடு வந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

---

ஓய்வு_ஓவர்சீயர் · செவ்வாய், பகல் 3:10

அம்மா, அந்த நிறுத்து கடிகாரக்காரர் கதையில் தொழிலாளி என்ன சொன்னான்? அதையும் சொல்லுங்கள்.

---

கேஸ்_ஸ்டடி_அக்கா · செவ்வாய், மாலை 6:44

சரியான கேள்வி ஐயா. 1911 ஆகஸ்ட், மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் என்ற அரசு ஆயுதச்சாலை. வார்ப்படத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் கடிகாரத்தோடு ஆளை நிறுத்தினார்கள். இன்னொருவன் நம் கையைப் பார்த்து நொடி எண்ணுவதா என்று வார்ப்படக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள். நாடாளுமன்ற விசாரணை வரை போய், 1915-இல் அரசுப் பணத்தில் அந்தக் கடிகாரம் கூடாது என்று தடையே வந்தது. வகுப்பில் டெய்லரை நடத்தும்போது இதையும் நடத்துவேன். தேர்வில் கேட்பதில்லை.

---

கல்லணை_காவலன் · செவ்வாய், இரவு 9:15

பாரிஸ், ஹார்வர்டு, எம்ஐடி... கல்லணை கட்டியவன் எந்த யுனிவர்சிட்டியில் படித்தான்? கரிகாலனுக்கு எம்பிஏ இருந்ததா? வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு என்ஜினீயரிங் தெரிந்தது போலப் பேசுகிறீர்கள்.

---

ஓய்வு_ஓவர்சீயர் · செவ்வாய், இரவு 10:02

தம்பி, கோபம் வேண்டாம். நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தில் அணை கட்டும்போது, மணலில் அஸ்திவாரம் நிற்க வைப்பதைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார், அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் இங்கே பேச்சு என்ஜினீயரிங் இருந்ததா என்பதல்ல. அதைக் கல்லூரியில் வைத்து, மார்க் போட்டு, சான்றிதழ் கொடுத்து, சான்றிதழ் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்று எப்போது ஆக்கினார்கள் என்பதுதான். கல்லணைக்காரனின் பேரன் பிற்பாடு அதே ஆற்றில் மண் சுமக்கிற கூலியாகத்தான் நின்றான். காட்டன் படித்தது கம்பெனியின் ராணுவப் பள்ளியில்.

---

மட்டுறுத்துநர் · செவ்வாய், இரவு 10:30

இதற்குப் பிறகு கரிகாலன் தொடர்பாக வந்த 11 பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டன. தலைப்பில் நிற்கவும்.

---

செங்கோட்டை_மணி · புதன், காலை 6:20

ஓவர்சீயர் ஐயா சொன்ன சான்றிதழ் விஷயம்தான் என் கட்சியின் முதுகெலும்பு. ஜெர்மனியைப் பாருங்கள். 1825-இல் கார்ல்ஸ்ரூவில் தொடங்கி ஊருக்கு ஊர் தொழில்நுட்பப் பள்ளிகள். தொழிற்சாலைகள் அவற்றால் கொழித்தன. ஆனால் டாக்டர் பட்டம் கொடுக்கும் உரிமை மட்டும் கிடையாது. பழைய பல்கலைக்கழகங்கள் குறுக்கே நின்றன, லத்தீன் தெரியாதவனுக்கெல்லாம் டாக்டரா என்று. 1899-இல் கைசர் வில்லியம் தலையிட்டு உரிமை கொடுத்தார். அப்போதும் ஒரு நிபந்தனை: மற்ற டாக்டர்கள் லத்தீனில் எழுதிக்கொள்வார்கள், நீங்கள் உங்கள் பட்டத்தை ஜெர்மனில்தான் எழுத வேண்டும். பந்தியில் இடம் உண்டு, இலை மட்டும் வேறு.

இப்படி அவமானப்பட்டவன் என்ன செய்வான்? நானும் உங்களைப் போலத்தான் என்று காட்ட ஆரம்பிப்பான். அமெரிக்காவில் 1955-இல் கிரின்டர் அறிக்கை என்று ஒன்று வருகிறது. பொறியியல் கல்விச் சங்கத்துக்காக எழுதியது. பட்டறைப் பயிற்சியும் தொழிற்கலையும் குறையட்டும், அடிப்படை அறிவியலும் பொறியியல் அறிவியலும் கூடட்டும் என்பது அதன் சாரம். அதற்கு நாலே வருடத்தில், அக்கா, உங்கள் பக்கமும் ஏதோ நடந்ததல்லவா?

---

கேஸ்_ஸ்டடி_அக்கா · புதன், பகல் 12:50

நடந்தது. 1959. ஃபோர்டு அறக்கட்டளை ஒரு அறிக்கை, கார்னகி நிறுவனம் ஒரு அறிக்கை, ஒரே வருடத்தில். இரண்டும் ஒரே பாட்டு: வணிகப் பள்ளிகள் தொழில் பழக்கும் கூடங்களாக இருக்கின்றன, தரமில்லை, பொருளாதாரம், புள்ளியியல், நடத்தை அறிவியல் இவற்றைக் கொண்டுவாருங்கள், ஆய்வு செய்யுங்கள். ஃபோர்டு பணம் பின்னாலேயே வந்தது. பத்து வருடத்தில் தொழில் நடத்திப் பார்த்த வாத்தியார்கள் ஓரங்கட்டப்பட்டு, முனைவர் பட்டக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நானும் அந்த வரிசையில் வந்தவள்தான், நாலு பேர் வேலை பார்க்கும் கடைகூட நடத்தியதில்லை.

இப்போது நம் நாட்டுக் காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள். ஐஐஎம் கல்கத்தா 1961 நவம்பர், எம்ஐடி ஸ்லோன் பள்ளி கைகொடுக்க. ஐஐஎம் அகமதாபாத் 1961 டிசம்பர், ஹார்வர்டு கைகொடுக்க. இரண்டுக்கும் ஃபோர்டு அறக்கட்டளை உதவி. விக்ரம் சாராபாய் ராக்கெட்டையும் பார்த்துக்கொண்டு அகமதாபாத்தின் கௌரவ இயக்குநராகவும் இருந்தார். கல்கத்தாவுக்கு முதல் இயக்குநர் கே. டி. சாண்டி, ஹிந்துஸ்தான் லீவரிலிருந்து வந்தவர். ஆக, தொழில்காரர் நுழைய வாசல் அப்போது திறந்தேதான் இருந்தது, மணி சார். உங்கள் செருப்புக் கதை இங்கே கொஞ்சம் இடிக்கிறது.

இன்னொன்றும் இடிக்கிறது. ஐஐஎம்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழையவே இல்லை! சங்கமாகப் பதிவு செய்யப்பட்டவை. பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லாததால் அரை நூற்றாண்டுக்கு மேல் டிப்ளமாதான் கொடுத்தன. 2017 சட்டத்துக்குப் பிறகுதான் எம்பிஏ என்று பட்டமாக எழுத முடிந்தது. ஓவர்சீயர் ஐயா, நாட்டின் ஆகப் பெரிய சம்பளம் வாங்கியவர்களும் உங்களைப் போல டிப்ளமாக்காரர்கள்தான்.

---

ஓய்வு_ஓவர்சீயர் · புதன், பகல் 1:05

அட! இது தெரிந்திருந்தால் என் மாமனாரிடம் அன்றைக்கே சொல்லியிருப்பேனே.

---

பட்டறைக்காரி_பீளமேடு · புதன், இரவு 8:40

மூணு தலைமுறையா மோட்டார் பம்பு வேலை, இப்போது நான் நடத்துகிறேன். எல்லாரும் வெளிநாட்டு அறிக்கை பேசுகிறீர்கள், கோயமுத்தூரில் 1945-லேயே இந்தச் சண்டை நடந்துவிட்டது. ஜி. டி. நாயுடு இடமும் பணமும் கொடுத்து அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவருடைய வாதம்: நாலு வருடம் எதற்கு, இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், மீதி வீண். சர்க்கார் ஒத்துக்கொள்ளவில்லை. மனுஷன் பொறுப்பை விட்டு விலகிவிட்டார். அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், ஆனால் மோட்டாரைப் பிரித்து மாட்டியவர்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பிஎஸ்ஜி 1926-இல் தொழிற்பயிற்சிக் கூடமாகத் தொடங்கி, அதே வளாகத்தில் 1951-இல் பொறியியல் கல்லூரி வந்தது. பட்டறை முதலில், கல்லூரி பிறகு. எங்கள் தாத்தா அங்கே படித்தவர் இல்லை, ஆனால் வார்ப்படத்தில் சந்தேகம் வந்தால் அங்கேதான் ஓடுவார். மணி சார் சொல்கிற மாதிரி எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுப் போகவில்லை.

என் மகள் இந்த வருடம் கவுன்சலிங். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். 😐

---

சுவிட்ச்போர்டு · புதன், இரவு 11:12

அக்கா, மகளைப் பற்றிச் சொன்னதால் இதை எழுதுகிறேன். நான் எலக்ட்ரிக்கல், மின்துறையில் இருக்கிறேன். ஏ. லலிதாவைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர், முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசி மகளைச் சேர்த்தார். 1943-இல் படிப்பை முடித்தார். சான்றிதழ் படிவத்தில் ஆண்பால் சொல்தான் அச்சாகி இருந்தது, அதை அடித்துவிட்டு மேலே பெண்பாலில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கூடப் படித்த இன்னும் இருவர் லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா. திரேசியா பிற்பாடு கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

மணி சாரின் கைவேலைக் கணக்குக்கும் ஒரு தகவல். லலிதா பயிற்சிக்குப் போனது ஜமால்பூர் ரயில்வே பணிமனைக்கு. 1940-களில் ஒரு பிராமண விதவை, ரயில் என்ஜின் பட்டறையில்! பிறகு கல்கத்தாவில் வேலை, பக்ரா நங்கல் அணை மின்னாக்கிகளுக்கான வேலையிலும் பங்கு. என் முதல் வேலையிடத்தில், 2000-க்குப் பிறகு, "நீங்க சைட்டுக்கெல்லாம் வர வேண்டாம்மா, ஆபீஸ்லயே இருங்க" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை.

---

பேராதனை_90 · வியாழன், அதிகாலை 2:33

வணக்கம், நான் இப்போது டொரொண்டோவில், படித்தது இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில். எங்கள் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். கொழும்பு மருதானையில் 1893-இல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பல்கலைக்கழகத்தில் பொறியியற்பீடம் 1950-இல்தான், அதுவும் கொழும்பில். 1964-இல் பேராதனைக்கு மாறியது. கட்டுபெத்த வளாகம் (இன்றைய மொறட்டுவைப் பல்கலைக்கழகம்) அதற்குப் பிறகு வளர்ந்தது.

இடம் கொஞ்சம், ஆசைப்படுகிற ஆள் நிறைய. யாழ்ப்பாணத்தில் டொக்டர், எஞ்சினியர் இரண்டைத் தவிர வேறு மாப்பிள்ளை இல்லை என்ற காலம் அது. 1971-இல் தரப்படுத்தல் வந்தது. பேராதனைப் பொறியியலுக்கு சிங்கள மொழியில் எழுதிய மாணவனுக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும். 23 புள்ளி. என் மாமா ஒருவர் அந்த இடைவெளிக்குள் விழுந்தவர். பிறகு வங்கியில் வேலை பார்த்தார், கடைசி வரை வீட்டில் ரேடியோ, மின்விசிறி எல்லாம் அவரே திருத்துவார்.

நீங்கள் கையா தலையா என்று விவாதிக்கிறீர்கள். எங்களுக்கு இருந்த கேள்வி உள்ளேயா வெளியேயா என்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பொறியியற்பீடம் போர் முடிந்த பிறகுதான் வந்தது, கிளிநொச்சி அறிவியல் நகரில்.

---

செங்கோட்டை_மணி · வியாழன், காலை 6:50

பேராதனை அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. வாசலில் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தேன், வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் என் கணக்கில் இல்லை.

மற்றவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டு அக்கா சொன்னது சரி, விதிவிலக்கு உண்டு. குரோம்பேட்டை எம்ஐடியும் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) அப்படித்தான், சி. ராஜம் 1949-இல் தொடங்கியபோது விமானம், ஆட்டோமொபைல், மின்னணு, கருவியியல் என்று அன்று மற்ற கல்லூரிகள் தொடாத பிரிவுகளாக எடுத்தார். பிஎஸ்சி முடித்தவனுக்கு மூன்று வருடம். அப்துல் கலாம் அந்த வழியில் வந்தவர். ஐஐடி மெட்ராஸ் 1959-இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு வந்தபோது பட்டறையும் ஆய்வகமும் ஜெர்மன் எந்திரங்களோடு வந்தன. முதல் ஐஐடி, கரக்பூர், 1951-இல் ஹிஜ்லி சிறைக் கட்டடத்தில் தொடங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் கான்பூரைப் பாருங்கள். அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் 1962 முதல் 1972 வரை அதை வளர்த்தன. 1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. கிரின்டர் அறிக்கை சொன்ன அறிவியல் வழி நேராக இங்கே வந்தது. எந்த வழி ஜெயித்தது என்பதற்கு ஐடி தம்பியின் பேங்கிங் சாஃப்ட்வேரே சாட்சி.

---

ஐடி_அடிமை · வியாழன், காலை 9:30

சார், என்னை ஏன் கோர்ட்டுக்கு இழுக்கிறீர்கள்.

ஒரு விஷயம் உங்கள் கணக்கில் இல்லை. எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். 1984-85-க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகள் வந்திராவிட்டால் நான் என்ஜினீயர் கிடையாது. ஒரு காலத்தில் ஐநூறுக்கு மேல் கல்லூரி இருந்தது, பாதி இடம் காலி என்று எல்லாரும் சிரித்தார்கள். 2007-இல் நுழைவுத் தேர்வை எடுத்ததும், ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கும் இல்லையென்றால் எங்கள் தெருவில் ஒருத்தன் உள்ளே போயிருக்க மாட்டான். ஒர்க்‌ஷாப் மோசம், வாத்தியார் மோசம், எல்லாம் சரி. ஆனால் அப்பா கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டார் பாருங்கள், அந்த இரண்டு எழுத்தைக் கொஞ்சம் பெரிய சைஸில் போடச் சொல்லி அச்சகத்தில் சண்டை வேறு. அதற்காகத்தான் படித்தேன். வி-ஜாயின்ட்டுக்காக இல்லை.

---

கேஸ்_ஸ்டடி_அக்கா · வியாழன், பகல் 2:15

தம்பி சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். பட்டத்தின் மதிப்பு என்று நாம் கிண்டலாகப் பேசுவது, பட்டம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சுலபம்.

பையனின் கேள்விக்கு வருகிறேன். மேனேஜ்மென்ட் பேப்பர் ஏன்? என் பதில்: வீட்டை விட்டுப் போன பிள்ளை மாதம் ஒருமுறை சாப்பிட வருவது மாதிரி. 1886-இல் என்ஜினீயர்கள் கூட்டத்தில் பிறந்தது, வணிகப் பள்ளிக்குப் போய் வேறு பாஷை கற்றுக்கொண்டு, திரும்பி வந்து பதினான்கு கொள்கையாக உங்கள் கரும்பலகையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நடுவில் சேர்த்துவைக்கப் பார்த்தவர்களும் உண்டு: 1963-இல் உலகத் தொழிலாளர் அமைப்பின் உதவியோடு மும்பையில் வந்த நிட்டி, தொழிற்பொறியியலையும் நிர்வாகத்தையும் ஒரே கூரையில் வைத்தது. 1984-இல் திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தை பெல் (பிஎச்இஎல்) வளாகத்திலேயே வைத்தார்கள். கொதிகலன் பக்கத்தில் பேலன்ஸ் ஷீட். நிட்டிக்கு இப்போது என்ன பெயர் தெரியுமா? 2023 முதல் ஐஐஎம் மும்பை.

---

பட்டறைக்காரி_பீளமேடு · வியாழன், இரவு 9:05

ஐஐஎம் என்று போட்டால்தான் மதிப்பு! மணி சார், உங்கள் செருப்பு மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது.

---

செங்கோட்டை_மணி · வெள்ளி, இரவு 8:20

இன்று அந்த வகுப்புக்குப் போனேன். கொள்கைகளை ஓரமாக வைத்துவிட்டு ஃபயோலின் புலம்பலையும் வாட்டர்டவுன் கதையையும் சொன்னேன். கேள்வி கேட்ட பையன், "அப்ப இது பரீட்சைக்கு வராதா சார்?" என்றான். வராது என்றேன். அப்புறம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மீதி நேரத்தில் ஓவர்சீயர் ஐயா தனிமடலில் அனுப்பிய பழைய ஃபீல்டு புக் பக்கத்தின் படத்தைத் திரையில் போட்டு, இது என்ன, படித்துச் சொல்லுங்கள் என்றேன். 52 பேர். எல்லாரும் மேலிருந்து படித்து, எண்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்று விழித்தார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "சார், கீழே இருந்து படிக்கணும். இது ஆத்துப் பக்கம் போற கோடு, லெஃப்ட்ல கெணறு இருக்கு" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். தாத்தா தாலுகா ஆபீஸில் செயின்மேனாம்.

---

ஓய்வு_ஓவர்சீயர் · வெள்ளி, இரவு 8:41

கிணறு சரி. 1979, அமராவதி ஆற்றுப் பக்கம். அந்தப் பாப்பாவுக்கு என்னிடம் இருக்கும் ஃபீல்டு புக்குகளில் இரண்டைக் கொடுக்கிறேன், கல்லூரி முகவரியைத் தனிமடலில் போடுங்கள். சங்கிலியும் ஒன்று பரணில் கிடக்கிறது. அதையும் கேட்டுவிடாதீர்கள், தபாலில் அனுப்பினால் என் பென்ஷன் போய்விடும். யாராவது நேரில் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும்.